செருப்புக்காகக் காலை வெட்டலாம்!

'செருப்புக்கு ஏற்ற மாதிரி எவனாவது காலை வெட்டிக்கொள்வானா?' என்று நம் ஊரில் கேலியாகக் கேட்பார்கள். வெட்டிக்கொள்கிறார்கள் சார்! அதுவும் சொந்தக் காசைச் செலவழித்து, வெள்ளிக்கிழமை லீவு போட்டு, நாலு நண்பர்களுக்கு காபி வாங்கிக் கொடுத்து வெட்டிக்கொள்கிறார்கள்!

செருப்பு என்பது டயர். கால் என்பது வண்டியின் மட்கார்டு. ஊர், அமெரிக்கா.

நான் குப்பை கொட்டுவது யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டியில். இங்கே ஆபீஸில் திங்கள் முதல் வெள்ளி வரை மவுஸைத் தவிர வேறு எதையும் நகர்த்தாத ஆசாமிகள், சனிக்கிழமை காலையில் கிரைண்டரும் கையுமாக நிற்பார்கள். (மாவு ஆட்டுகிற கிரைண்டர் இல்லை. இரும்பு வெட்டுகிற கிரைண்டர்!) வாங்கிய வண்டியின் மட்கார்டை 'கிர்ர்ர்...' என்று வெட்டி எறிந்துவிட்டு, பெரிய டயராகப் பார்த்து மாட்டுவார்கள். அப்புறம் அந்த வண்டியைப் பாறை மேல் ஏற்றுவார்கள்.

பைத்தியக்காரத்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் திருச்சிக்காரர் தன் வண்டியை வெட்டியபோது கூடவே இருந்து பார்த்த பிறகுதான் இதில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று புரிந்தது.

எதற்கு இந்தப் பெரிய டயர்?

திருச்சிக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் வைத்திருப்பது பழைய ஜீப் செரோக்கி. 1984 மாடலில் ஆரம்பித்து 2001 வரை, 28 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. இன்றைக்கும் இந்த ஊர் ரோடுகளில் பார்க்கலாம். சதுர டப்பா மாதிரி இருக்கும். இன்ஜின் என்னவோ யானை!

"தம்பி, வண்டிக்கு அடியில எது ரொம்பத் தாழ்வா இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் ஒருநாள்.

குனிந்து பார்த்தேன். ஆக்சிலுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்குமே, டிஃபரன்ஷியல்... அதுதான்!

"அதான் பாறையில இடிக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினா பாடி மேல போகும். பூசணிக்கா அங்கேயேதான் இருக்கும். அதைத் தூக்கணும்னா ஒரே வழி, டயர் பெருசாகணும்!"

கொஞ்சம் கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், ஆறாங் கிளாஸ் கணக்குதான். செரோக்கியில் 225/75 ஆர்15 டயர். 225 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்றால், அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். அதாவது 168.75 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 337.5. நடுவில் 15 அங்குல ரிம், 381 மி.மீ. கூட்டினால் 718.5. அங்குலத்தில் சொன்னால் 28.3.

திருச்சிக்காரர் ஆசைப்பட்டது 31 அங்குல டயருக்கு. வித்தியாசம் 2.7 அங்குலம். அதில் பாதிதான் ஆக்சிலை உயர்த்தும். ஆக, பூசணிக்காய்க்குக் கிடைக்கும் லாபம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்று கேட்கத் தோன்றும். பாறையில் ஒன்றேகால் அங்குலம் என்பது பஸ் படிக்கட்டில் ஒரு கால் வைக்கக் கிடைத்த இடம் மாதிரி. கிடைத்தவனுக்குத்தான் அருமை தெரியும்!

தூக்குவதா, வெட்டுவதா?

பெரிய டயர் வாங்கியாயிற்று. மாட்டினால்? நேராக நிற்கும்போது அழகாக உட்காரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 'சர்ரக்' என்று மட்கார்டில் உரசும். பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கினால் தகரத்தின் விளிம்பு டயரின் பக்கச் சுவரை பிளேடு மாதிரி கீறும். ஹைவேயில் அறுபது மைல் வேகத்தில் இப்படி நடந்தால்... வேண்டாம் சார், நினைக்கவே வேண்டாம்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியையே நாலைந்து அங்குலம் தூக்குவது. இன்னொன்று, உரசுகிற தகரத்தை வெட்டுவது.

தூக்கினால் பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால், இடுப்பில் இருந்த குடத்தைத் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? பாரம் மேலே போகப் போகக் கவிழ்கிற சுபாவமும் கூடும். வளைவில் தலை ஆடும். சரிவில் சாயும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறும். அதைச் சரிசெய்ய இன்னொரு சாமான், அந்தச் சாமானுக்கு இன்னொரு சாமான் என்று பர்ஸ் காலியாகும்.

வெட்டினால்? வண்டி கிட்டத்தட்ட இருந்த உயரத்திலேயே இருக்கும். செலவும் குறைவு. ஒரே ஒரு சங்கடம்... தகரத்தை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். மறுபடி ஒட்டாது!

அண்ணியின் மூன்று கண்டிஷன்

திருச்சிக்காரர் வீட்டில் விஷயம் வெடித்தது. அண்ணி காபி டம்ளரை மேஜையில் வைத்த சத்தத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏன் தம்பி, நீங்களாவது சொல்லக்கூடாதா? நல்லா இருக்கற வண்டியை யாராவது வெட்டுவாங்களா? இதே வண்டியிலதான் திங்கக்கிழமை புள்ளைய ஸ்கூல்ல விடணும்!"

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணே அண்ணியைப் பார்த்தார். பத்து வயதுப் பையன் மட்டும், "வெட்டலாம்மா!" என்றான். அவனுக்கு மோவாப் போகிற அவசரம்.

மோவாப் என்பது இங்கிருந்து நாலு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் செக்கச் சிவந்த மணற்பாறை. ஜீப் பிரியர்களுக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம்! 1967-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் அங்கே ஜீப் திருவிழாவே நடக்கிறது.

கடைசியில் அண்ணி இறங்கி வந்தார். ஆனால் மூன்று கண்டிஷன். ஒன்று, வண்டி கவிழக் கூடாது. இரண்டு, வெட்டின இடத்தில் தண்ணி இறங்கித் துருப்பிடிக்கக் கூடாது. மூன்று, திங்கட்கிழமை காலையில் வண்டி வாசலில் ஓடுகிற நிலையில் நிற்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், எந்த இன்ஜினீயரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது!

முதல் கண்டிஷனிலேயே 'தூக்குவதா, வெட்டுவதா' கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. "ரெண்டு அங்குலம் தூக்கினாப் போதும், மீதியை வெட்டிக்குவோம்" என்று முடிவானது.

ஒருநாள் பூரா அளவு... அரைமணி வெட்டு!

ஆபரேஷனுக்கு டாக்டராக வந்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. அமெரிக்கர். ஒர்க் ஷாப்பில் வெல்டராக இருந்து ரிட்டயரானவர். வந்தவர் கிரைண்டரைத் தொடவே இல்லை. முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றச் சொன்னார்!

எதற்கு? வண்டி ஸ்டாண்டுகள் மேல் பத்திரமாக நிற்கிறது. ஸ்பிரிங் இல்லாததால் ஆக்சிலை ஜாக்கியால் சுலபமாக மேலே தள்ளலாம். பெரிய பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் எவ்வளவு மேலே வருமோ, அந்த இடத்துக்குப் புது டயரோடு கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடிக்கச் சொன்னார். எங்கெங்கே டயர் தகரத்தைத் தொடுகிறதோ அங்கெல்லாம் காகித டேப் ஒட்டி பேனாவால் கோடு.

முன்னால் பம்பரின் இரண்டு ஓரங்கள், மட்கார்டின் பின்பக்கக் கீழ் மூலை... இவைதான் வில்லன்கள். பின்பக்கத்திலும் ஒரு பக்கத்துச் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி அதே மாதிரி அளவு. அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. செரோக்கியின் பின் கதவு, சக்கர வளைவுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவை வெட்டினால் கதவின் ஓரத்தையும் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க அளவெடுப்பதிலேயே போனது. டெய்லர்கள் கெட்டார்கள்!

"எப்ப தாத்தா வெட்டுறது?" என்று பையன் பத்து தடவை கேட்டுவிட்டான். தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோட்டுக்கு அரை அங்குலம் இப்பாலேயே வெட்டுவோம். குறைவாக வெட்டினால் நாளைக்கும் வெட்டலாம். அதிகமாக வெட்டினால் நாளைக்கு என்ன செய்வாய்?"

சோமாசி மடிப்பு

முன்பக்க மட்கார்டு சுலபம். அது போல்ட்டில் நிற்கும் தகரம். கோணல்மாணலாகப் போனாலும் பழைய இரும்புக் கடையில் இன்னொன்று வாங்கி மாட்டிவிடலாம். கண்ணாடி, காது அடைப்பான், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அண்ணே கிரைண்டரை ஓட்டினார். தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறந்தது. அரைமணியில் இரண்டு பக்கமும் முடிந்தது.

பின்பக்கம்தான் பரீட்சை. அங்கே மட்கார்டு தனி இல்லை. பாடியோடு பாடியாக வெல்டிங் ஆனது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் எலும்பு. அதுவும் சக்கர வளைவின் விளிம்பில் வெளித் தகரம் ஒன்று, உள் தகரம் ஒன்று என்று இரண்டு தகரங்களைச் சேர்த்துப் பற்ற வைத்திருப்பார்கள். அந்த விளிம்பை அப்படியே வெட்டினால் என்ன ஆகும்? இரண்டும் பிரிந்து 'ஆ' என்று வாயைப் பிளக்கும். உள்ளே சேறு போகும், தண்ணீர் போகும். ரெண்டு மழைக்காலத்தில் உள்ளிருந்தே அரித்துவிடும். பாடியின் பலமும் குறையும்.

பல பேர் சொதப்புகிற இடம் இதுதான் என்றார் தாத்தா.

வைத்தியம், நம் வீட்டு தீபாவளிப் பலகாரத்தில் இருக்கிறது. சோமாசிக்கு ஓரம் மடிப்பார்களே... அதேதான்! வெளித் தகரத்தைக் கோட்டோடு வெட்டினார்கள். உள் தகரத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டார்கள். அதில் அங்குலத்துக்கு ஒரு கீறல். பிறகு ஒவ்வொரு நாக்கையும் சுத்தியலால் தட்டி, வெளித் தகரத்தோடு சேர்த்து மடித்தார்கள். தாத்தா அங்கங்கே வெல்டிங் புள்ளி வைத்தார். இடுக்குகளில் பேஸ்ட் பூசி அடைத்தார்கள். அதன் மேல் துருவுக்கு ப்ரைமர், அதன் மேல் பெயின்ட்.

வெல்டிங்குக்கு முன்னால் தாத்தா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். வண்டிக்குள்ளே அந்தப் பக்கத்துக் கார்ப்பெட்டையெல்லாம் உரித்து எடுத்தார். இடது பின்பக்கம்தான் பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கிறது. அந்தப் பக்கம் வெல்டிங்கே வேண்டாம் என்று மடிப்பை பேஸ்ட்டும் ரிவிட்டும் வைத்தே முடித்தார். அது மட்டுமில்லை, தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் போட்டார். அந்த ஆள் நான்தான்! ஆபீஸில்கூட இவ்வளவு பொறுப்பான வேலை எனக்குக் கொடுத்ததில்லை.

ஹாக்கி வட்டும் ஸ்பீடோமீட்டரும்

வெட்டினால் மட்டும் போதாது. சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் தடுக்க ரப்பர் தடை உண்டு. டயர் பெரிதானதால் அந்தத் தடையையும் உயர்த்த வேண்டும். அதற்கு இந்த ஊர்க்காரர்கள் எதை வைக்கிறார்கள் தெரியுமா? ஐஸ் ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டு! ஒரு அங்குல கனம், கல்லு மாதிரி கெட்டி, விலையும் மலிவு. நடுவில் துளை போட்டு போல்ட் முடுக்கினால் தீர்ந்தது விஷயம்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் கீழே இருக்கும் கம்பியில் உரசாமல் இருக்க, ஸ்டியரிங் தடை போல்ட்டுக்கு ரெண்டு வாஷர் போட்டார்கள். வண்டி திரும்ப முன்னைவிடக் கொஞ்சம் அதிக இடம் கேட்கும். பரவாயில்லை.

அடுத்தது ஸ்பீடோமீட்டர். டயர் பெரிதாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு முன்னைவிட அதிக தூரம் போகும். ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. அது 60 மைல் என்று காட்டும்போது நிஜத்தில் கிட்டத்தட்ட 66! போலீஸ்காரரிடம் "மீட்டர் அறுபதுதான் சார் காட்டுச்சு" என்றால் விடுவாரா? நல்லவேளையாக இந்த வண்டியில் மீட்டரை ஓட்டுகிற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றினார்கள்.

இன்னும் இரண்டு விலை இருக்கிறது. பெரிய டயரைச் சுற்ற இன்ஜின் அதிகமாக மூச்சு வாங்கும். சைக்கிளில் மேட்டில் ஹெவி கியர் போட்டு மிதிக்கிற மாதிரி. பிரேக்குக்கும் அதே கதைதான். பெரிய சக்கரத்தை நிறுத்த அதிகம் மெனக்கெட வேண்டும். அதனால் பிரேக் பேட், டிரம், ஆயில் எல்லாவற்றையும் பார்த்துப் புதுசாக்கிவிட்டுத்தான் தாத்தா வண்டியை வெளியே விட்டார்.

கடைசியாக, வெட்டின ஓரத்துக்குமேல் அகலமான பிளாஸ்டிக் பட்டை. இது அழகுக்கு மட்டுமில்லை. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. பின்னால் வருகிறவன் கண்ணாடியில் கல் தெறிக்குமே!

ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலை பையன் அதே வண்டியில் ஸ்கூலுக்குப் போனான். மூன்றாவது கண்டிஷன் ஓ.கே!

சாக்பீஸ் தீர்ப்பு

இரண்டு வாரம் கழித்து மோவாப். 'ஃபின்ஸ் அண்ட் திங்ஸ்' என்று ஒரு பாதை. மீன் துடுப்பு மாதிரி நீளநீளமாக மணற்பாறைகள். மேலே ஏறும்போது கண்ணாடியில் ஆகாயம் மட்டும் தெரியும். இறங்கும்போது பூமி மட்டும் தெரியும். நடுவில் நம் உயிர் தெரியும்!

கிளம்புவதற்கு முன் அண்ணே ஒரு காரியம் செய்தார். வெட்டின ஓரங்கள் நாலிலும் உள்பக்கமாக சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். டயர் எங்கேயாவது தொட்டால் சாக்பீஸ் அழிந்திருக்கும். வாய் வார்த்தை வேண்டாம், சாட்சி வேண்டும்!

பாறையில் வண்டி ஏறும்போது வெளியே நின்று வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். உள்ளே உட்காரப் பயந்த அண்ணி, "நான் கீழே இறங்கியே வரேன்" என்று இறங்கினார். அஞ்சு நிமிஷத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? "ரைட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க... வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்!" சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் தோற்றார்! அன்று முழுக்க அண்ணிதான் வழிகாட்டி.

வண்டி கவிழவில்லை. பூசணிக்காய் ஒரே ஒரு இடத்தில் லேசாக முனகியது, அவ்வளவுதான். சாயந்திரம் டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று சக்கரத்தில் சாக்பீஸ் போட்டது போட்டபடி இருந்தது. வலது பின்பக்கம் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு அழிந்திருந்தது. தாத்தா மிச்சம் வைக்கச் சொன்ன அரை அங்குலம் அங்கேதான் உதவியது. அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி சோமாசி மடித்தார்கள்.

தம்பிமார்களே, ஒரு நிமிஷம்!

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டி மட்கார்டில் கை வைத்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சட்டம் வேறு. 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறி நிற்கும்படி வண்டியைத் திருத்த முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். நாலு சக்கரத்துக்கு நாலு வெட்டு... நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மட்கார்டைத்தான்.

ஒரு ஆறுதல் சொல்கிறேன். 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியில், 18 அங்குல வீல் மாடலுக்கு 255/65 டயர். மேலே சொன்ன கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 31 அங்குலம்! அண்ணே ரெண்டு நாள் மத்தாப்பு கொளுத்திப் பொருத்திய அதே உயரம். அதைக் கம்பெனியே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டது.

எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். பெரிசாக ஒன்று வேண்டும் என்றால் அதற்கு எங்கேயாவது இடம் விட்டாக வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதை நம் ஆசையைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. சாக்பீஸைக் கேட்க வேண்டும்.

அண்ணே இப்போது 33 அங்குல டயர் பற்றி மெள்ளப் பேச்செடுக்கிறாராம். "போட்டுக்கங்க" என்றாராம் அண்ணி. "ஆனா இந்தத் தடவை நான் ஓட்டுவேன், நீங்க கீழ நின்னு 'வரலாம் வரலாம்' சொல்லுங்க!"